கீசருக்குள் ஒரு சோடாக்கடை

என் முதல் கெக்கை, அதாவது பீர் பீப்பாயை, நான் காலால்தான் ஆட்டினேன். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பிப்ரவரி மாதம், ராத்திரி பதினோரு மணி. கராஜ் தரையில் பழைய யோகா பாயை விரித்து, 19 லிட்டர் பீர் நிரம்பிய எவர்சில்வர் கெக்கை அதன்மேல் படுக்கப் போட்டிருந்தேன். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, தொட்டில் ஆட்டுவதுபோல முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கரியமில வாயு கேஸ் சிலிண்டர். ரெகுலேட்டர் முள் 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நின்றது. ஒவ்வொரு ஆட்டுக்கும் 'உஸ்' என்று கொஞ்சம் கேஸ் உள்ளே இறங்கியது. அந்தச் சத்தம் கேட்கக் கேட்க இன்னும் வேகமாக ஆட்டத் தோன்றியது.

மறுநாள் சாயங்காலம் நாலு குடும்பம் சாப்பிட வருவதாக இருந்தது. வீட்டில் நானே காய்ச்சிய பீர் தயார்தான், மூன்று வாரம் நொதித்துத் தெளிந்து நன்றாகவே வந்திருந்தது. ஆனால் கேஸ் ஏறவில்லை. கேஸ் இல்லாத பீரைக் குடித்திருக்கிறீர்களா? ஆறிப்போன பார்லிக் கஞ்சியில் வேப்பம்பூவை ஊறவைத்தது மாதிரி இருக்கும். அதை விருந்தாளிக்குக் கொடுக்க முடியாது.

கதவைத் திறந்து எட்டிப்பார்த்த மனைவி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். "என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க?"

"கேஸ் ஏத்துறேன்."

"கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் சோடாக்கார அண்ணாச்சி மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் சரியாகச் சொல்லிவிட்டாள் என்பது பிறகுதான் உறைத்தது. வீட்டில் பீர் காய்ச்சுகிறவன் முதல் பாதியில் சமையல்காரன், அடுத்த பாதியில் சோடாக்காரன். முளைகட்டிய பார்லியான மால்ட், கசப்புக்குப் போடும் ஹாப்ஸ், நொதிக்கவைக்கும் ஈஸ்ட் என்று முதல் பாதியைப் பற்றி எல்லாரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். இரண்டாவது பாதியில்தான் என்னைப்போல் பலர் சொதப்புகிறார்கள்.

அண்ணாச்சியின் மிஷினை இப்போதும் கண்ணுக்குள் பார்க்க முடிகிறது. இரும்புச் சட்டத்துக்குள் ஒரு தொட்டில், அதில் கோலி பாட்டில்கள். பச்சைக் கண்ணாடி, கழுத்தில் இடுப்பு மாதிரி ஒரு நெளிவு, அதற்குள் கோலி. ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களில் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. தண்ணீரை ஊற்றி, பாட்டிலைத் தொட்டிலில் பூட்டி, சிலிண்டரைத் திறந்துவிட்டு, அண்ணாச்சி கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவார். பாட்டில்கள் தலைகீழாகப் போய் நிமிரும், மறுபடி தலைகீழாகும். 'கடக் கடக்' என்று கோலிகள் உருளும். நிறுத்தும்போது உள்ளேயிருக்கும் அழுத்தம் கோலியைத் தள்ளிக் கழுத்திலிருக்கும் ரப்பர் வளையத்தோடு ஒட்டவைத்திருக்கும். மூடி என்று தனியாக ஒன்று தேவையில்லை. எப்போதாவது ஒரு பாட்டில் வெடிக்கும் என்பதால் எங்களைக் கிட்டே விடமாட்டார். "தள்ளி நில்லுங்கலே!"

ஏன் சுற்றினார் என்று அப்போது யோசித்ததில்லை. கராஜில் கெக்கை ஆட்டிய பிறகுதான் யோசித்தேன்.

ஒரு திரவத்துக்குள் எவ்வளவு கேஸ் கரையும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: மேலிருந்து அழுத்தும் அழுத்தம், திரவத்தின் குளிர்ச்சி. அழுத்தம் கூடினால் கரைவதும் அதே விகிதத்தில் கூடும் என்று வில்லியம் ஹென்றி என்ற விஞ்ஞானி 1803இல் சொன்னார். குளிர்ந்த திரவம் அதிகமாகக் கேஸை வாங்கும், சூடானது கக்கும். இந்த இரண்டும் சேர்ந்து எவ்வளவு கரையும் என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு நேரத்தில் கரையும் என்பது வேறு கணக்கு. அதற்குக் கேஸும் திரவமும் தொட்டுக்கொள்ளும் பரப்பு வேண்டும். நிமிர்ந்து நிற்கும் கெக்கில் அந்தப் பரப்பு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். குலுக்கினால் பரப்பு பல மடங்காகும், கேஸும் சீக்கிரம் ஏறும்.

பீர்க்காரர்கள் இதை 'வால்யூம்' என்ற அளவில் சொல்வார்கள். ஒரு லிட்டர் பீருக்குள் ஒரு லிட்டர் கரியமில வாயு இருந்தால் ஒரு வால்யூம். எடையில் பார்த்தால் லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டு கிராம். ஏல் என்ற சாதாரண அமெரிக்க பீர் வகைக்கு இரண்டரை வால்யூம் இருக்க வேண்டும். இங்கிலாந்துப் பாணி பிட்டர் பீருக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு போதும், ஜெர்மன் கோதுமை பீருக்கு மூன்றரை, நாலு என்று போகும். நொதித்து முடிந்த பீரில் அறை வெப்பநிலையிலேயே முக்கால் வால்யூமுக்குக் கொஞ்சம் மேலே ஏற்கெனவே தங்கியிருக்கும். மிச்சத்தைத்தான் நாம் ஏற்றுகிறோம். என் 19 லிட்டர் கெக்குக்கு அந்த மிச்சம் அறுபது சொச்சம் கிராம். ஒரு கை சர்க்கரை எடை கேஸுக்குத்தான் இத்தனை பாடு.

இரண்டரை வால்யூம் வேண்டுமென்றால் பீர் 38 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது நம் கணக்கில் மூன்று டிகிரி சொச்சத்தில் இருக்கும்போது 11, 12 பிஎஸ்ஐ போதும். அதே பீர் 20 டிகிரி செல்சியஸில் இருந்தால் 27, 28 வேண்டும். இப்போது கோவில்பட்டிக்குப் போவோம். சித்திரை வெயிலில் 30 டிகிரித் தண்ணீரை வைத்துக்கொண்டு மூன்றரை வால்யூம் சோடா போட வேண்டுமென்றால் 60 பிஎஸ்ஐ தாண்டும். அண்ணாச்சியிடம் ஃபிரிட்ஜ் கிடையாது. பத்து நாள் காத்திருக்க நேரமும் கிடையாது, மதியத்துக்குள் பாட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் போயாக வேண்டும். அதனால் அழுத்தத்தையும் கையையும் வைத்து வேலையை முடித்தார். என்னிடம் குளிர்ச்சியும் இருந்தது, நேரமும் இருந்தது. இருந்தும் அவர் செய்ததையே நான் செய்தேன், அதுவும் அரைகுறையாக.

அரைகுறை என்று ஏன் சொல்கிறேன் என்றால், கேஸ் போகும் முனை கீழ்ப்பக்கம் வரும்படி கெக்கைப் படுக்கப் போட்டிருந்தேன். இருபது நிமிடம் ஆட்டிய பிறகு, போதும் என்று நினைத்து ரெகுலேட்டரைப் பத்துக்குத் திருப்பினேன். குழாயைக் கழற்றவில்லை. கெக்குக்குள் 25க்கு மேல், வெளியே பத்து. பீர் எந்தப் பக்கம் போகும்? குழாய் வழியாக மேலேறி நேரே ரெகுலேட்டருக்குள் போனது. கண்ணாடி முகப்புக்குள் பழுப்பாக ஏதோ கசிவதைப் பார்த்ததும்தான் புத்தி வந்தது. ஒரு வழியில் மட்டும் திறக்கும் சின்ன வால்வு ஒன்று குழாயில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது, விலையும் சில டாலர்தான். அதை வாங்காமல் விட்டது என் தப்பு. ரெகுலேட்டரைப் பிரித்துக் கழுவி மாட்டும்போது மணி ஒன்றரை.

மறுநாள் விருந்தில் முதல் ஐந்து டம்ளர் முழுக்க நுரை. ஆறாவது டம்ளர் குடிக்க முடிந்தது, ஆனால் நாக்கில் சுருக்கென்று ஒரு கடி. கரியமில வாயு தண்ணீரில் கரையும்போது கொஞ்சம் கார்பானிக் அமிலமும் உண்டாகும், அந்தக் கடிப்பு அதனுடையது. அளவுக்கு மீறிக் கேஸ் ஏறிய பீரில் அது தூக்கலாகத் தெரியும். "சோடா கலந்திருக்கியா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

உண்மையில் சோடா பிறந்ததே பீர்த் தொட்டிக்கு மேலேதான். 1767இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானி இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குக் குடிவந்தார். பக்கத்தில் ஒரு பீர் காய்ச்சும் ஆலை. நொதிக்கும் தொட்டியின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வாயுப் படலம் தேங்கி நின்றது. அதற்குள் கொண்டுபோன மெழுகுவர்த்தி அணைந்தது. அந்தப் படலத்துக்குள் வைத்தே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினார், நாம் டீ ஆற்றுவதுபோல. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சுள்ளென்று ஆனது. 1772இல் இதை எப்படிச் செய்வது என்று ஒரு சிறு நூலே போட்டார். ஆற்றினால் பரப்பு கூடும், கேஸ் ஏறும், அதே கணக்குத்தான். பிறகு 1783இல் ஜெனீவாவில் யாக்கோப் ஷ்வெப் அதை வியாபாரமாக்கினார்.

நான் வைத்திருக்கும் கெக்கும் சோடாக்காரர்களிடமிருந்து வந்ததுதான். கார்னீலியஸ் என்ற மின்னசோட்டாக் கம்பெனியின் பெயரால் இதை 'கார்னி கெக்' என்பார்கள். ஐந்து காலன் பிடிக்கும், மெலிந்த உயரமான உருளை. கோலா கம்பெனிகள் கடைகளுக்குச் சிரப்பும் பானமும் அனுப்பப் பயன்படுத்தியவை. குழாய் மாட்டும் மூட்டு பெப்சிக்காரர்களுடையதில் பால் லாக், கோக்காரர்களுடையதில் பின் லாக், ஒன்றின் மூட்டு மற்றதில் பொருந்தாது. பால் லாக்கில் வரும் பால் குடிக்கிற பால் இல்லை, உள்ளே இருக்கும் குண்டு. அதைக் கோலி லாக் என்றே நான் சொல்லிக்கொள்கிறேன். பிற்பாடு அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் சிரப் வர ஆரம்பித்ததும் ஆயிரக்கணக்கான கெக்குகள் வேலையில்லாமல் நின்றன. வீட்டில் காய்ச்சுகிறவர்கள் அவற்றை அள்ளிக்கொண்டார்கள். ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு முன்பே வீட்டு பீருக்கு இருந்த மத்திய அரசின் வரியையும் தடையையும் நீக்கியிருந்தது. பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு வருஷத்துக்கு 200 காலன் வரை வரி கிடையாது, விற்கக் கூடாது, அவ்வளவுதான். (ஊரில் இதைச் செய்தால் மதுவிலக்குச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான். ஆகவே லீவில் ஊருக்குப் போகும்போது நான் யோக்கியன்.)

நான் பழைய கெக்காகத்தான் வாங்கினேன். மூடியைத் திறந்ததும் மூட்டுவலித் தைல வாசனை குப்பென்று அடித்தது. உள்ளே முன்பு இருந்தது ரூட் பீர். அதன் பெயரில்தான் பீர், மற்றபடி குழந்தைகள் குடிக்கும் இனிப்புப் பானம். எவர்சில்வர் எத்தனை கழுவினாலும் வாசனை போகவில்லை, ஏனென்றால் வாசனை எவர்சில்வரில் இல்லை. ரப்பர் வளையங்கள் குடித்து வைத்திருந்தன. மூடிக்கு ஒரு பெரிய வளையம், இரண்டு முனைகளுக்கும் வெளியே ஒவ்வொன்று, உள்ளே இறங்கும் குழாய்களின் தலையில் ஒவ்வொன்று, மொத்தம் ஐந்து. ஐந்தையும் மாற்றிய பிறகு வாசனை போனது.

இந்த வளையங்கள்தான் அடுத்த பாடத்தையும் எடுத்தன. ஆட்டுவதை விட்டுவிட்டு, சொல்லிக்கொடுத்தவர்கள் சொன்னபடி 12 பிஎஸ்ஐயில் வைத்து இரண்டு வாரம் தொடாமல் இருப்பது என்று முடிவெடுத்தேன். இரண்டு நாளும் ஆகவில்லை, சிலிண்டர் காலி. ஐந்து பவுண்டு கேஸ் காற்றோடு போய்விட்டது. மூடி வளையம் ஒரு இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒதுங்கியிருந்திருக்கிறது. சிலிண்டரின் முள்ளைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. உள்ளே கரியமில வாயு திரவமாக இருக்கிறது, அறை வெப்பத்தில் 800 பிஎஸ்ஐக்குப் பக்கத்தில் நிற்கும். திரவம் கடைசிச் சொட்டு இருக்கும்வரை முள் அசையாது, தீர்ந்ததும் தொபுக்கென்று விழும். வீட்டுச் சமையல் கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்து எத்தனை நாள் வரும் என்று அம்மா சொல்வார்களே, அதே வழிதான் இதற்கும். நான் இப்போது பெட்டி எடை போடும் தராசில் தொங்கவிட்டுப் பார்க்கிறேன்.

அதன்பிறகு ஒரு சடங்கு உண்டு. மூடி வளையத்தில் சாப்பாட்டுக்கு ஆகும் சிலிக்கான் பசையைத் தடவுவேன். மூடியைப் பூட்டியதும் ஒரே தம்மில் 30 பிஎஸ்ஐ கொடுத்து அதை உட்கார வைப்பேன். மேலே இருக்கும் விடுவிப்பு வால்வின் வளையத்தை நாலைந்து தடவை இழுத்து உள்ளே மாட்டிய காற்றை விரட்டுவேன். காற்று தங்கினால் பீர் சில வாரத்தில் நனைந்த அட்டைப்பெட்டி ருசிக்குப் போய்விடும். கடைசியாகச் சோப்புத் தண்ணீரை எல்லா மூட்டிலும் தெளித்துவிட்டு, டார்ச் லைட் அடித்துக்கொண்டு குத்தவைத்து உட்காருவேன். கசிவு இருந்தால் குமிழி வரும். பெரிய கசிவு உடனே குமிழும். சின்னது ஒரு நிமிடம் கழித்து மெல்ல, கொப்புளம் எழும்புவதுபோல வரும். அந்த ஒரு நிமிடம் பொறுக்காமல் எழுந்தால் இன்னொரு சிலிண்டர் போய்விடும். ஒழுகினால் பணம் மட்டுமல்ல, ஆளும் போகலாம். காற்றோட்டமில்லாத சின்ன அறையில் ஒரு சிலிண்டர் முழுதும் காலியானால் உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டிவிடும். அதனால்தான் என்னுடையது கராஜில்.

கராஜில் இருப்பது ஒரு பெட்டி ஃபிரீசர். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி ஒன்றைச் செருகி அதை ஃபிரிட்ஜாக மாற்றி, உள்ளே மூன்று கெக்குகளை நிறுத்தியிருக்கிறேன். ஃபிரீசரும் கெக்கும் சேர்ந்ததற்கு இந்த ஊர்ப் பெயர் கீசர். ஒருநாள் போனில் அம்மா என்ன செலவு என்று கேட்டபோது, யோசிக்காமல் "கீசர் ஒண்ணு வாங்கினேம்மா" என்று சொல்லிவிட்டேன்.

"நல்லதுடா. அந்தக் குளிருக்குச் சுடுதண்ணி இல்லாம எப்படி?"

ஆமாம்மா என்றேன். இன்றுவரை அம்மாவுக்கு அது சுடுதண்ணிக் கீசர்தான். "கீசர் நல்லா ஓடுதாடா?" என்று அவ்வப்போது விசாரிப்பார். நல்லா ஓடுதும்மா.

அந்தக் கீசருக்குள் 38 டிகிரி ஃபாரன்ஹீட்டில், 12 பிஎஸ்ஐயில், கெக் சும்மா நிற்கும். முதல் மூன்று நாள் ஒன்றும் தெரியாது. நான்காம் ஐந்தாம் நாள் நாக்கில் லேசாகச் சுறுசுறுக்கும், ஆனால் நுரை நிற்காது. ஒரு வாரத்தில் குடிக்கலாம். பத்திலிருந்து பதினாலு நாளுக்குள் ஒரு மாற்றம் வரும். நுரை பொடிப்பொடியாக, ஃபில்டர் காபி நுரை மாதிரி டம்ளரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கும். மங்கலாக இருந்ததெல்லாம் அடியில் படிந்து பீர் பளிச்சென்று தெளிந்திருக்கும். சர்க்கரை போட்டு ஈஸ்டை வைத்து இயற்கையாக ஏற்றிய கேஸ் பொடிக் குமிழி, சிலிண்டர் கேஸ் பெரிய குமிழி என்று சொல்வார்கள். நான் நம்பவில்லை, இரண்டும் ஒரே கரியமில வாயு. குளிரில் இரண்டு வாரம் நின்றதற்குக் கிடைத்த பலனைக் குமிழியின் கணக்கில் எழுதுகிறார்கள் என்பது என் கட்சி. ஜெர்மனியில் ஒரு பழைய வழி இருக்கிறது: நொதித்தல் முடியும் தறுவாயில் தொட்டியை அடைத்து, ஒரு வால்வால் அழுத்தத்தை நிறுத்தி, ஈஸ்ட் விடும் கேஸையே பீருக்குள் பிடித்துவைப்பது. அழகான முறை. இரண்டு முறை செய்துபார்த்தேன், இரண்டு முறையும் எந்த நாளில் அடைப்பது என்பதில் கோட்டைவிட்டேன்.

கேஸ் சரியாக ஏறிய பிறகும் டம்ளரில் நுரையாகவே கொட்டினால், அநேகமாகக் குற்றம் குழாயில் இருக்கும். கெக்கிலிருந்து குழாய்முனைக்கு வரும் பிளாஸ்டிக் குழாய் கால் முழம் போதுமே என்று நான் வெட்டிவைத்திருந்தேன். 12 பிஎஸ்ஐயில் கிளம்பும் பீர் வெளியே வருவதற்குள் மெல்ல மெல்ல வேகம் குறைய வேண்டும், அதற்கு உராய்வு வேண்டும். 3/16 அங்குல உள்விட்டமுள்ள குழாயைப் பத்தடிக்குச் சுருட்டி வைத்ததும் அடங்கிவிட்டது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு மூன்று மாதம் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், ஈஸ்டைக்கூட.

மூன்றாவது கெக்கில் பீர் கிடையாது, வெறும் தண்ணீர். 30 பிஎஸ்ஐயில் நிற்கிறது, நாலு வால்யூமுக்கு மேல் வரும். பிள்ளைகளுக்குப் பன்னீர் சோடா. பன்னீர் எசன்ஸும் சர்க்கரைப் பாகும் டம்ளரில் முதலில் ஊற்றி, மேலே சோடாவைப் பிடித்தால் ரோஜா வாசனையோடு பொங்கும். வீட்டுக்கு வருகிற நம்மூர்க்காரர்களில் பாதிப்பேர் பீரைத் தொடாமல் அந்தக் கெக்கைத்தான் காலி செய்கிறார்கள்.

போன வருஷம் ஊருக்குப் போனபோது அந்தச் சோடாக்கடையைத் தேடிப் போனேன். அண்ணாச்சி இல்லை, மகன் நடத்துகிறார். மிஷின் இருந்தது, மின் மோட்டார் மாட்டியிருந்தார்கள். எத்தனை பிஎஸ்ஐயில் ஏத்துவீங்க என்று கேட்டேன். அவர் சிலிண்டர் மேலிருந்த மீட்டரைக் காட்டினார். கண்ணாடி உடைந்து, முள் துருப்பிடித்து, 40க்கும் 60க்கும் நடுவே ஏதோ ஓரிடத்தில் செத்துக் கிடந்தது. "அது எங்கப்பா காலத்துலயே நின்னுபோச்சு சார். ஒரு பாட்டில் ஒடைச்சுப் பாருங்க, சரியா இருக்கான்னு சொல்லுங்க." சரியாகத்தான் இருந்தது. எரிச்சலாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் கருவி, தராசு, அட்டவணை என்று நான் வைத்திருப்பதெல்லாம் ஞாபகம் வந்தது.

இப்போது கீசரில் ஒரு பேல் ஏல் நிற்கிறது. இன்று மூன்றாம் நாள். சற்றுமுன்தான் மனைவி வந்து, சனிக்கிழமை ஏழு பேர் சாப்பிட வருகிறார்கள் என்று சொன்னாள். இன்று வியாழன். இதுவரை எழுதியதை எல்லாம் ஒருமுறை படித்துப் பார்த்தேன். பிறகு கராஜுக்குப் போய் ரெகுலேட்டரை 30க்குத் திருப்பிவிட்டு வந்தேன். குலுக்கவில்லை. ஒரே ஒரு நாள். நாளை ராத்திரி குழாயைக் கழற்றி, மேலே தேங்கிய அழுத்தத்தை விடுவித்து, 12க்கு இறக்கி மாட்ட வேண்டும். மறந்தால் சனிக்கிழமை மறுபடி நுரைதான். போனில் இரண்டு அலாரம் வைத்திருக்கிறேன், ஒன்று என்னுடையதில், இன்னொன்று மனைவியுடையதில்.